டிராம் முதல் மின்பேருந்து வரை: வடசென்னைச் சாலைகளின் எரிபொருள் வரலாறு

பெட்ரோல், டீசல் எஞ்சின்களின் இடத்தை மின்சார வண்டிகளும் ஹைபிரிட் வண்டிகளும் பிடித்துவிடுமா என்ற விவாதம், வண்ணாரப்பேட்டையைச் சுற்றிய துறைமுகத் தொழில் வட்டாரத்துக்குப் புதிது அல்ல. ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று வடக்கே நீளும் இந்தப் பகுதியை ஒட்டிய நகரச் சாலைகளில் மின்சாரம் ஒருமுறை வந்து, அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடி, பிறகு பேருந்திடம் தோற்றது. தோற்கடித்த எஞ்சின் இங்கேயே தொழிலாக வேரூன்றியது. லாரி, பேருந்து, புல்லட் மோட்டார் சைக்கிள், அவற்றுக்கான பிஸ்டன், அவற்றை ஓட்டும் டீசல் எல்லாம் இந்த வட்டாரத்திலேயே உருவாயின. இப்போது பேட்டரியைச் சுமந்துகொண்டு மின்சாரம் இரண்டாம் முறை வந்திருக்கிறது. எந்த வண்டி எதனால் வென்றது, எது எதனால் விலகியது என்பதை வரிசையாகப் பார்த்தால், இன்றைய விவாதத்துக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

முதல் மின்சாரம்: டிராம்

மோட்டார் கார் பெரும்பாலோர் கண்ணில் படாத காலத்திலேயே சென்னையில் மின்சார டிராம் ஓடியது. 1895 மே 7 அன்று தொடங்கிய அந்தச் சேவைதான் இந்தியாவின் முதல் மின்சார டிராம். கல்கத்தாவில் 1902-இலும் பம்பாயில் 1907-இலும்தான் மின்சார டிராம் வந்தது. துறைமுகப் பகுதியை நகரின் உட்பகுதிகளோடு இணைத்த இந்த வண்டிகள் ஆட்களையும் சரக்கையும் ஏற்றின.

தொடக்கத்தில் மின்கம்பி தலைக்கு மேல் செல்லவில்லை. தண்டவாளங்களுக்கு இடையே சாலையில் ஒரு நீண்ட பிளவு விட்டு, அதன் அடியிலிருந்த குழியில் மின்கடத்தியைப் பதித்திருந்தார்கள். வண்டியின் அடியிலிருந்து இறங்கும் ஒரு கை அந்தப் பிளவின் வழியே மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும். தெருவில் கம்பமும் கம்பியும் தேவைப்படாத, பார்வைக்கு ஒழுங்கான ஏற்பாடு அது. ஆனால் கடல் மட்டத்தை ஒட்டிய தட்டையான நகரில் வடகிழக்குப் பருவமழை பெய்தால் தண்ணீர் வடிய இடமிருக்காது. குழிக்குள் தண்ணீர் புகுந்தால் டிராம் நின்றுவிடும். சில ஆண்டுகளிலேயே அந்த முறையைக் கைவிட்டு, மேலே கம்பி கட்டி ஓட்டத் தொடங்கினார்கள். தொடங்கிய நிறுவனமும் நொடித்துப்போய்க் கைமாறியது. 1904-க்குப் பிறகு புதிய நிறுவனத்தின் கீழ் டிராம் நிலைபெற்று, 1921-இல் ஏறத்தாழ 24 கிலோமீட்டர் பாதையில் 97 வண்டிகள் ஓடின.

டிராமின் பலமும் பலவீனமும் தண்டவாளத்திலேயே இருந்தன. ஒரே வண்டியில் நிறையப் பேரை ஏற்றலாம், புகை கிடையாது. ஆனால் தண்டவாளம் போகாத தெருவுக்கு டிராம் போகாது. முன்னால் ஒரு மாட்டு வண்டி அச்சு முறிந்து நின்றால் அதைச் சுற்றிக்கொண்டு போகவும் முடியாது. தண்டவாளம், கம்பி, வண்டி என மூன்றையும் பராமரிக்கும் செலவு கம்பெனியின் தலையில் விழுந்தது. பேருந்துக்காரருக்கோ சாலை இலவசம். வண்டியை வாங்கினால் போதும். நகரம் விரியத் தொடங்கியபோது புதிய குடியிருப்புகளைப் பேருந்து எளிதில் எட்டியது. டிராமால் எட்ட முடியவில்லை. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் அரசே பேருந்து நடத்தத் தொடங்கியது. கடன் மேல் கடன் ஏறிய டிராம் கம்பெனி 1953 ஏப்ரலில் சேவையை நிறுத்தியது. எஞ்சினைவிட மின்மோட்டார் மட்டம் என்பதால் டிராம் மறையவில்லை. தெருவில் நிலையாகப் பதித்த முதலீட்டைத் தாங்க ஆளில்லாமல் போனதே அதன் முடிவு.

இதற்குச் சான்று ரயில். 1931-இல் சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மீட்டர்கேஜ் பாதை மின்மயமானது. அதில் மின்சார ரயில் ஓடாத காலம் அதன்பின் வரவில்லை. தனக்கென ஒதுக்கிய பாதை, அரசு முதலீடு, தடையில்லா மின்சாரம் ஆகிய மூன்றும் வாய்த்த இடத்தில் மின்சாரம் தோற்கவே இல்லை. 1856-இல் நீராவி ரயிலுக்காகத் திறந்த ராயபுரம், இன்று மின்சார ரயில் எஞ்சின்களைப் பராமரிக்கும் பணிமனை இருக்கும் இடம்.

எண்ணெய் வந்த வழி

எஞ்சின் வெல்ல எண்ணெய் மலிவாகவும் தடையின்றியும் வர வேண்டும். அந்த எண்ணெய் துறைமுகம் வழியாக வந்தது. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னை மீது குண்டு வீசியபோது முதலில் குறிவைத்தது துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா எண்ணெய் நிறுவனத்தின் தொட்டிகளைத்தான். தொட்டிகள் எரிந்த அந்த இரவின் பீதி 'எம்டன்' என்ற சொல்லைப் பேச்சு வழக்கில் நிலைநிறுத்தியது. எண்ணெயை நம்பிய போக்குவரத்து எவ்வளவு எளிதில் முடங்கும் என்பதற்கும் அது முதல் அடையாளம்.

இரண்டாம் உலகப் போரில் அந்த அடையாளம் அன்றாட அனுபவமானது. பெட்ரோலுக்குக் கட்டுப்பாடு வந்ததும் பேருந்துகள் கரிக்கு மாறின. வண்டியோடு ஓர் இரும்பு உலையைப் பொருத்தி, அதில் மரக்கரியை அரைகுறையாக எரித்து, வெளிவரும் வாயுவை வடிகட்டி எஞ்சினுக்குள் செலுத்துவார்கள். டி.வி. சுந்தரம் ஐயங்காரின் டி.வி.எஸ். நிறுவனம் இத்தகைய கரிவாயுக் கலன்களைத் தயாரித்தது. உலை சூடேறும்வரை காத்திருக்க வேண்டும். ஏற்றத்தில் வண்டி திணறும். போர் முடிந்து பெட்ரோல் திரும்பியதும் கரி பஸ் மறைந்தது. மாற்று எரிபொருளுக்குக் காரணம் தட்டுப்பாடு மட்டுமே என்றால், தட்டுப்பாடு நீங்கியவுடன் மாற்றும் நீங்கிவிடும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

தட்டுப்பாடு மறுபடி வராதிருக்க, எண்ணெயை இங்கேயே சுத்திகரிக்கும் ஏற்பாடு வந்தது. இந்திய அரசு, அமெரிக்காவின் அமோகோ, ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனம் ஆகியவை கூட்டாக 1965-இல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் நிறுவனத்தைத் தொடங்கின. மணலியில் ஆலை 1969-இல் இயங்கத் தொடங்கியது. ஆண்டுக்கு 25 லட்சம் டன் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் திறனோடு தொடங்கிய அது, பின்னாளில் சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன் என்று பெயர் மாறி, 1.05 கோடி டன் அளவுக்கு வளர்ந்தது. துறைமுகத்தில் இறங்கும் கச்சா எண்ணெய் குழாய் வழியே வடசென்னையின் குடியிருப்புகளை ஒட்டி மணலிக்குப் போகிறது. சுத்திகரித்த டீசலும் பெட்ரோலும் தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டைக் கிடங்குகளிலிருந்து டேங்கர் லாரிகளில் வெளியூர் போகின்றன.

எஞ்சின் ஊன்றிய வட்டாரம்

எண்ணெய்க்கு முன்பே எஞ்சின் ஆலை வந்துவிட்டது. ரகுநந்தன் சரண் 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், மறு ஆண்டு எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டத் தொடங்கியது. விரைவில் காரை விட்டு, பிரிட்டனின் லேலண்ட் நிறுவனத்தோடு சேர்ந்து கனரக வண்டிகளுக்குத் திரும்பியது. 1955-இல் அசோக் லேலண்ட் என்ற பெயர் வந்தது. காமெட் லாரியும், 1967-இல் வந்த டைட்டன் மாடிப் பேருந்தும் எண்ணூரை நாடு முழுவதும் அறிமுகப்படுத்தின.

அதே 1955-இல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு இந்தியா உருவானது. ராணுவத்துக்கு 350 சிசி புல்லட் தேவைப்பட்டதால், இங்கிலாந்தின் ரெட்டிச் நகரிலிருந்த தாய் நிறுவனத்தோடு மெட்ராஸ் மோட்டார்ஸ் கைகோத்தது. இங்கிலாந்தில் உற்பத்தி நின்றுபோன பிறகும் திருவொற்றியூரில் புல்லட் தொடர்ந்தது. டீசல் விலை மலிவாக இருந்த காலத்தில் கிரீவ்ஸ் லொம்பார்தினி எஞ்சின் பொருத்திய டீசல் புல்லட்டையும் அந்த ஆலை செய்தது. சற்று மேற்கே செம்பியத்தில் 1949 முதல் இந்தியா பிஸ்டன்ஸ் இயங்கியது. பிஸ்டன், வளையம், வால்வு, கியர், ரேடியேட்டர் என்று எஞ்சினின் ஒவ்வொரு பாகத்தையும் நம்பிச் சிறு பட்டறைகள் பெருகின. வடசென்னையில் எஞ்சின் ஓர் எரிபொருள் பிரச்சினையாக மட்டும் நின்றுவிடாததற்கு இதுவே காரணம்: பல ஆயிரம் குடும்பங்களின் சோறு அதில் இருந்தது.

பெரிய ஆலைகளுக்கு வெளியே எஞ்சின் எடுத்த வடிவம் இன்னும் சுவையானது. கை ரிக்‌ஷாவை 1973-இல் தமிழக அரசு ஒழித்த பிறகு, மூன்று சக்கர மிதிவண்டியே ஏழைத் தொழிலாளியின் வாகனம். அதன் சரக்கு வடிவமான மீன்பாடி வண்டியில் முன்னால் இரு சக்கரங்களுக்கு மேல் பலகை. பின்னால் ஓட்டுபவரின் இருக்கை. காசிமேட்டிலிருந்து மீன் கூடையும், வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு கடைகளுக்குத் துணி மூட்டையும், பட்டறைகளுக்கு இரும்புக் கம்பியும் இதில் போகும். மிதித்து ஓய்ந்தவர்கள், கழித்துப் போட்ட இருசக்கர வாகனத்தின் எஞ்சினை வாங்கி இதில் பூட்டிக்கொண்டார்கள். பதிவு எண் இல்லை, காப்பீடு இல்லை. கம்பி ஏற்றினால் வண்டியைவிடச் சரக்கு நீளம். போலீஸ் அவ்வப்போது பறிமுதல் செய்தாலும் வண்டிகள் குறையவில்லை. பழைய எஞ்சின் மலிவாகக் கிடைக்கும், எந்தத் தெரு மெக்கானிக்கும் அதைச் சரிசெய்வார் என்ற இரண்டு வசதிகளே அதன் உயிர். புதிய வண்டி வாங்க வழியில்லாதவர்களிடம் எஞ்சின் கடைசிவரை தங்கியிருப்பதற்கும் இவையே காரணமாக இருக்கும்.

இடைவழி: எரிவாயுவும் ஹைபிரிட்டும்

எஞ்சினையும் மின்மோட்டாரையும் ஒரே வண்டியில் சேர்க்கும் எண்ணம் பழையது. 1901 வாக்கில் ஃபெர்டினாண்ட் போர்ஷே வடிவமைத்த லோனர் காரில் பெட்ரோல் எஞ்சின் மின்சாரம் தயாரிக்க, சக்கரங்களை மின்மோட்டார்கள் சுழற்றின. அமெரிக்காவில் 1900-இல் நீராவிக் காரும் மின்சாரக் காரும் தனித்தனியே பெட்ரோல் காரைவிட அதிகமாகத் தயாராயின. ஹென்றி ஃபோர்டின் மலிவான மாடல் டி 1908-இல் வந்தது. கையால் சுழற்றாமல் பொத்தானை அழுத்தி எஞ்சினைக் கிளப்பும் வசதி 1912-இல் கேடிலாக் காரில் வந்தது. இரண்டும் சேர்ந்து மின்சாரக் காரை ஓரம்கட்டின. 1997-இல் டொயோட்டா பிரியஸ் வந்தபோதுதான் ஹைபிரிட் மறுபடி சந்தைக்குத் திரும்பியது.

சென்னையில் இந்த முயற்சி பேருந்தில் நடந்தது. அசோக் லேலண்ட் 1997-இல் மும்பையின் பெஸ்ட் பேருந்து நிறுவனத்துக்கு சிஎன்ஜி பேருந்து கொடுத்தது. 2002-இல் ஹைபிரிட் பேருந்தைக் காட்சிக்கு வைத்தது. 2010-இல் இன்னொரு ஹைபிரிட் பேருந்தை அறிமுகம் செய்தது. ஆனால் ஹைபிரிட்டுக்கு எஞ்சின், மோட்டார், பேட்டரி என்று இரட்டைச் செலவு. வரியும் அதற்கு எதிராக இருந்தது. 2017-இல் ஜிஎஸ்டி வந்தபோது ஹைபிரிட் கார்கள் மீது மேல்வரியோடு சேர்த்து 43 சதவீதம் விழுந்தது. மின்சார வண்டிகளின் வரி 12 சதவீதத்திலிருந்து 2019-இல் 5 சதவீதமாக இறங்கியது. எந்த நுட்பம் சிறந்தது என்ற கேள்விக்குப் பொறியாளர்கள் விடை சொல்வதற்குள் வரி விகிதம் ஒரு விடையைச் சொல்லிவிட்டது. டீசல் எஞ்சினும் இதற்கிடையே மாறியது: 2020 ஏப்ரல் முதல் கட்டாயமான பி.எஸ்.-6 விதிகளால் புகை குறைந்தது, விலை கூடியது. எண்ணூரில் 2019-இல் தொடங்கிய இயற்கை எரிவாயு முனையம் சிஎன்ஜி என்ற மூன்றாவது வழியையும் திறந்துவைத்தது.

இரண்டாம் மின்சாரம்: பேட்டரி

எண்ணூர்க்காரர்களே மின்பேருந்துக்கும் வந்தார்கள். 2016 அக்டோபரில் அசோக் லேலண்ட் சர்க்யூட் என்ற மின்பேருந்தை அறிமுகம் செய்தது. அதன் மின்வாகனப் பிரிவான ஸ்விட்ச் மொபிலிட்டி 2022-இல் வெளியிட்ட மின்சார மாடிப் பேருந்து மறு ஆண்டு மும்பைச் சாலைக்குச் சென்றது. மின்சார ரயிலும் புதிய வடிவில் வந்தது. 2019 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து டி.எம்.எஸ். வரையும், 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை 9 கிலோமீட்டரும் மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியது.

சாலையில் மின்சாரம் திரும்பிய நாள் 2025 ஜூன் 30. அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரத் தாழ்தளப் பேருந்துகள் புறப்பட்டன. அவற்றின் மதிப்பு 207.90 கோடி ரூபாய். பணிமனையை மின்னேற்ற நிலையமாக மாற்ற 47.50 கோடி. ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் 200 கிலோமீட்டர் வரை ஓடும். பேருந்தை வாங்கி ஓட்டுவது அசோக் லேலண்டைச் சேர்ந்த ஓம் நிறுவனம். மாநகர் போக்குவரத்துக் கழகம் நடத்துநரை அனுப்பி, டிக்கெட் வசூலை எடுத்துக்கொண்டு, ஓடிய கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று 12 ஆண்டுகளுக்குப் பணம் கொடுக்கும். டிராம் கம்பெனியை முறித்த அதே கேள்விக்கு, அதாவது முதல் போட்ட பணம் யார் தலையில் என்பதற்கு, இந்த ஒப்பந்தம் வேறு விடை தருகிறது: முதல் போடுபவருக்கு வருமானம் உறுதி, கூட்டம் குறைந்தால் வரும் நஷ்டம் அரசுக்கு.

நகரப் பேருந்துக்கு மின்மோட்டார் பொருந்துவதற்கு வலுவான காரணங்கள் உண்டு. மணிக்கூண்டிலும் தங்கசாலையிலும் நெரிசலில் நிற்கும் டீசல் பேருந்து, நின்றபடியே எண்ணெயைக் குடிக்கும். மின்பேருந்தின் மோட்டார் நிற்கும்போது சும்மா இருக்கும். பிரேக் போடும்போது அதே மோட்டார் டைனமோவாக மாறிக் கொஞ்சம் மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும். தடம் முன்கூட்டியே தெரியும், இரவில் பணிமனைக்குத் திரும்பும் என்பதால் சார்ஜ் ஏற்றுவதும் திட்டமிட்ட வேலை. ஆட்டோவும் ஸ்கூட்டரும் இதே கணக்கில் அடங்கும். ஆட்டோக்களுக்கு டீசல் எஞ்சின் செய்துவந்த கிரீவ்ஸ், 2018-இல் கோவையின் ஆம்பியர் மின்ஸ்கூட்டர் நிறுவனத்தை வாங்கியது இந்தக் கணக்கைப் பார்த்துத்தான்.

எதிர்ப்பக்கக் கணக்கும் உண்டு. துறைமுகத்துக்குப் பெட்டகம் சுமக்கும் டிரெய்லர் லாரிக்குப் பெரிய பேட்டரி வேண்டும். பேட்டரியின் எடை சரக்கின் எடையைத் தின்னும். எண்ணூர் சாலையில் வரிசையில் காத்துநிற்கும் குறுந்தூர லாரிகளுக்கு மின்சாரம் லாபம். அதே லாரி நாக்பூருக்குப் போனால் வழியில் சார்ஜ் ஏற்ற நேரமும் இடமும் வேண்டும். 55 டன் வகை மின்லாரி ஆலையிலிருந்து வந்துவிட்டாலும், டீசல் லாரியை விட இது எப்போது மலியும் என்பது பேட்டரி விலையைப் பொறுத்தது. காசிமேட்டு விசைப்படகுகள் கடலில் பல நாள் தங்கி மீன் பிடிப்பவை. நடுக்கடலில் சார்ஜ் ஏற்ற வழியில்லாததால் டீசலே அவற்றின் துணை.

மழை இன்னும் ஒரு கேள்வி. வியாசர்பாடி மழைக்குத் தண்ணீர் தேங்கும் பகுதி. பேட்டரிப் பெட்டிகள் நீர் புகாதபடி மூடியவைதான். ஆனாலும் மின்மாற்றியும் சார்ஜரும் தரைமட்டத்தில் மூழ்கினால் பணிமனை முழுவதும் நின்றுவிடும். 1895-இன் குழி கற்றுக்கொடுத்த பாடம் இதுதான்: மின்வண்டியின் உறுதி வண்டியில் மட்டும் இல்லை, அதற்கு மின்சாரம் கொடுக்கும் கட்டமைப்பிலும் இருக்கிறது.

புகை போகும் இடம்

மின்பேருந்தின் புகைக்குழாய் எங்கே என்று கேட்டால், வடசென்னையில் விடை தொலைவில் இல்லை. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-களின் தொடக்கத்தில் இயங்கத் தொடங்கி, 450 மெகாவாட் அளவுக்கு வளர்ந்து, 2017 மார்ச்சில் மூடப்பட்டது. வடசென்னை அனல்மின் நிலையம் 630 மெகாவாட்டில் தொடங்கி, மேலும் 1,200 மெகாவாட் சேர்ந்து, 2024 மார்ச்சில் 800 மெகாவாட்டின் மூன்றாம் கட்டத்தையும் பெற்றது. பக்கத்தில் வல்லூரில் 1,500 மெகாவாட். அனல்மின் நிலக்கரிக்காகவே 2001-இல் எண்ணூரில் தனித் துறைமுகம் வந்தது. நிலக்கரித் தூசி ராயபுரத்தை மூடுகிறது என்ற வழக்கில் உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு, 2011-இல் சென்னைத் துறைமுகத்தின் நிலக்கரிச் சரக்கும் எண்ணூருக்கே போனது. ராயபுரத்துக்கு நிம்மதி, எண்ணூருக்குக் கூடுதல் சுமை. கொசஸ்தலையாற்றின் கழிமுகத்தில் சாம்பல் படிவதைப் பற்றி மீனவர்கள் நெடுநாளாகப் புகார் சொல்கிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு அதே கழிமுகத்தில் எண்ணெய்ப் படலமும் பரவியது. எண்ணெயின் கழிவும் கரியின் கழிவும் ஒரே முகத்துவாரத்தில் சேர்கின்றன.

ஆகவே மின்வண்டியால் காற்று சுத்தமாகுமா என்பதற்குச் சாலையில் ஒரு விடை, எண்ணூரில் வேறு விடை. மின்மோட்டார் தன்னிடம் வரும் ஆற்றலில் மிகப் பெரும்பகுதியை ஓட்டமாக மாற்றுகிறது; எஞ்சின் பாதிக்கு மேல் வெப்பமாக இழக்கிறது. அதனால் நிலக்கரி மின்சாரத்திலும் மொத்தக் கணக்கு ஓரளவு லாபமாகலாம். ஆனால் லாபம் எம்.சி. ரோட்டுக்கும் நஷ்டம் எண்ணூரின் காட்டுக்குப்பத்துக்கும் போகும். தமிழகத்தில் காற்றாலை மின்சாரம் மே முதல் செப்டம்பர் வரையும், சூரிய மின்சாரம் பகலிலும் பெருகும். பேருந்துகள் சார்ஜ் ஏறுவது பெரும்பாலும் இரவில். சேமிப்பு வசதி வரும்வரை, காற்று குறைந்த மாதங்களின் இரவில் அந்த மின்சாரத்தில் கரியின் பங்கு பெரிதாகவே இருக்கும்.

வேலைவாய்ப்பின் வரைபடமும் மாறுகிறது. திருவொற்றியூரில் தொடங்கிய ராயல் என்ஃபீல்டு உற்பத்தியின் பெரும்பகுதி 2013-க்குப் பிறகு ஒரகடம், வல்லம் பக்கம் நகர்ந்தது. 2024 நவம்பரில் அந்நிறுவனம் மிலன் நகரில் ஃப்ளையிங் ஃப்ளீ என்ற மின்மோட்டார் சைக்கிளைக் காட்டியது. மின்ஸ்கூட்டர் ஆலைகள் ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும், மின்கார் ஆலை தூத்துக்குடியிலும் எழுந்தன. எஞ்சினைச் செய்த வட்டாரத்துக்கே மோட்டாரும் பேட்டரியும் வரும் என்ற உறுதி இல்லை. பிஸ்டனும் வளையமும் மின்வண்டிக்கு வேண்டாம்.

அதே நேரம் எஞ்சினுக்குப் புதிய முதலீடும் வருகிறது. மறைமலை நகர் ஆலையை மூடிவிட்டுப் போன ஃபோர்டு, 2025 அக்டோபரில் தமிழக அரசோடு 3,250 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் செய்துகொண்டது. 2029 முதல் ஆண்டுக்கு 2,35,000 எஞ்சின்களை அங்கே தயாரிப்பது திட்டம்.

இவற்றையெல்லாம் ஒன்றாக வைத்துப் பார்த்தால், முழுமையான இடமாற்றம் ஒரே நாளில் நடக்கப்போவதில்லை என்பது தெளிவு. ஒரே தடத்தில் ஓடி இரவில் ஒரே இடத்துக்குத் திரும்பும் வண்டிகள், அதாவது நகரப் பேருந்து, ஆட்டோ, அஞ்சல் பொதி ஸ்கூட்டர் போன்றவை, முதலில் மாறும். நீண்ட தூர லாரியும் படகும் கடைசியில் மாறும். இடையில் உள்ள கார்களை வரியும் எண்ணெய் விலையும் தீர்மானிக்கும். ஹைபிரிட்டுக்கான இடமும் அங்கேதான். மீன்பாடி வண்டிக்காரருக்குப் பழைய மோட்டாரும் பழைய பேட்டரியும் பழைய எஞ்சின் விலையில் கிடைத்து, தெருமுனை மெக்கானிக் அதைப் பழுதுபார்க்கக் கற்றுக்கொள்ளும்போதுதான் எஞ்சினின் காலம் வடசென்னையில் உண்மையாகவே முடியும்.